மௌனம் சம்மதமாகுமா?





சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று மைசூருவில் நம்மவர் கூடிச் சீலம் மேற்கொண்டு அமர்ந்திருந்த வேளையில், இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா எழுப்பினார். அவர் இந்நகரிலுள்ள ஒரு தொழில் நிலையத்தில் பணிபுரிபவர். அவருடைய மேலாளர் மேல்நாட்டவர். ஒரு வேலையைச் சுட்டி, 'வெள்ளிக்கிழமைக்குள் இது முடியுமா?' என்று அம்மேலாளர் பலர் முன்னிலையில் கேட்டார். முடியாது என்பது இளைஞருக்குத் தெரியும். ஆயினும் மேலிருப்பவர் கேட்கும்போது நாலு பேர் நடுவில் மறுத்துரைப்பது மரியாதையன்று எனக் கருதி, தலையை இருபுறமும் மெல்ல அசைத்து, 'சரி' என்றார். வெள்ளிக்கிழமை வந்தது, வேலை முடியவில்லை. அனைவர் எதிரிலும் மேலாளர் அவரைப் பொய்யர் என்று கூறிவிட்டார். அன்றிரவு இளைஞர் உறங்கவில்லை. அவர் நம்மிடம் கேட்டது வேலையைப் பற்றியன்று. 'நாம் எடுத்துக்கொள்ளும் பஞ்ச சீலத்தில் நான்காவதை நான் மீறினேனா?' என்பதே அவர் வினா.

சபையில் சிலர் மேலாளரைக் கடிந்தனர். சிலர் இளைஞரைக் கடிந்தனர். நாமோ உடனே விடை கூறவில்லை. அவ்வினா ஒருவருக்கு மட்டும் உரியதன்று. மூன்று தலைமுறையாக நம்மவர் நெஞ்சில் கிடக்கும் வினா அது. ஆதலின் அதனை ஆராய்ந்து, நம் விடையை இங்கே வைக்கின்றோம்.

முதற்கண் அங்கு நிகழ்ந்தது யாதென நோக்குவோம். இளைஞர் உரைத்த 'சரி' என்னும் சொல்லுக்கு, 'தங்கள் விருப்பம் எனக்கு விளங்கிற்று. தங்களை நான் அவமதிக்கவில்லை' என்பது பொருள். மேலாளர் செவியில் அதுவே, 'வேலை முடிந்து கைக்கு வரும்' என்ற உறுதிமொழியாக விழுந்தது. பின்னர் மேலாளர் எல்லார் முன்பும் கண்டித்தாரே, அதற்கு அவர் கொண்ட பொருள், 'ஒளிவின்றிப் பேசினேன்' என்பது. இளைஞர் நெஞ்சில் அது, 'என்னை மானமிழக்கச் செய்தார்' என்று பதிந்தது. ஒருவர் மரியாதை மற்றவருக்குப் பொய்யாயிற்று. ஒருவர் வெளிப்படை மற்றவருக்கு அவமதிப்பாயிற்று.

இஃது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. முன்னாளில் சயாம் எனப்பட்ட தாய்லாந்து, பௌத்தம் தழைத்த தேசம். அங்கும் மேல்நாட்டு மேலாளரின் கீழ்ப் பணிபுரியும் மக்கள் பலர் உளர். அவர்கள் மொழியில் 'கிரெங் ஜாய்' என்றொரு சொல் உண்டு. 'ஜாய்' என்பது நெஞ்சம். பிறர்க்குத் தொல்லை தரலாகாதே, பெரியவர் மனம் நோகலாகாதே என்று நெஞ்சு தயங்கி நிற்கும் நிலையை அச்சொல் குறிக்கும். இத்தயக்கத்தால் அவர்கள் கூட்டத்தில் வாய் திறவாதிருப்பர். புன்னகையோடு தலை தாழ்த்துவர். மேல்நாட்டார் அம்மௌனத்தைக் கண்டு, 'இவர்களுக்குச் சொந்தக் கருத்தில்லை' என்று எண்ணுவதுண்டு. புன்னகையைக் கண்டு, 'உடன்பட்டனர்' என்று எண்ணுவதுண்டு. தாய்லாந்தினரோ, சினத்தை மறையாது குரலுயர்த்தும் மேலாளரை 'ஜாய் ரோன்', அதாவது நெஞ்சம் கொதிப்பவர் என்று கருதுவர். பொறுமையுடையோரை 'ஜாய் யென்', நெஞ்சம் குளிர்ந்தவர் என்று போற்றுவர். இருசாராரும் கண்ணிருந்தும் காணவில்லை. காண்பதற்கு முன்பே பெயரிட்டுவிட்டனர்.

பகவர் இதற்கு வழங்கிய சொல் 'சஞ்ஞா' என்பது. ஐந்து கந்தங்களுள் மூன்றாவதாகிய குறிப்புணர்வு அது. ஒன்றைக் கண்டவுடன், 'இஃது இன்னது' என்று அடையாளமிட்டுக் கொள்வது அதன் தொழில். அடையாளமின்றி உலகில் ஒரு நாளும் வாழ இயலாது. ஆயின் அடையாளத்தையே பொருளென்று கொள்ளும்போது விபல்லாசம், அதாவது பிறழ்வுணர்வு, பிறக்கின்றது. நிலையற்றதை நிலையானதென்று கொள்வது அப்பிறழ்வுகளுள் ஒன்றென நாம் நெடுநாளாய்க் கேட்டு வருகின்றோம். தலையசைப்பை உறுதிமொழி என்று கொள்வதும், கண்டிப்பைப் பகை என்று கொள்வதும் அவ்வினத்தைச் சேர்ந்த பிழைகளே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மஜ்ஜிம நிகாயத்தில் அரணவிபங்க சூத்திரம் என ஒன்றுண்டு. பூசலற்ற வாழ்வை விளக்குவது அது. அதில் ததாகதர் மிக எளிய எடுத்துக்காட்டொன்றைக் கொள்கிறார். உண்கலம் ஒன்றே, ஆயினும் ஒரு நாட்டில் அதற்கு ஒரு பெயர், வேறு நாட்டில் வேறு பெயர். 'எம் நாட்டுப் பெயரே மெய். பிறவெல்லாம் பொய்' என்று பிடிவாதம் கொள்பவன் பூசலை வளர்க்கிறான். அவ்வந்நாட்டார் எதனை எப்பெயரால் வழங்குகின்றனரோ அதனை அறிந்து நடப்பவன் பூசலை நீக்குகிறான் என்பது அதன் கருத்து. கலத்துக்குப் பெயர் வேறுபடுவதுபோலவே மரியாதைக்கும் வடிவம் வேறுபடும். ஒரு நாட்டில் மறுத்துரைப்பது மரியாதை. ஒரு நாட்டில் மறுக்காதிருப்பது மரியாதை. கலம் ஒன்று, பெயர் இரண்டு.

அன்பர்களே! 'அப்படியானால் இருவர் மீதும் குற்றமில்லை. எல்லாம் பெயரால் வந்த குழப்பம்' என்று கூறி நாம் எழுந்து போய்விடலாமா? போகலாகாது. ஏனெனில் இருவர் கையிலும் உள்ள வலிமை சமமன்று. மேலாளர் தவறாகக் கண்டால் தொழிலாளி வேலை இழப்பான். தொழிலாளி தவறாகக் கண்டால் மேலாளர் ஒரு மாலைப்பொழுது வருந்துவார், அவ்வளவே. இந்த உண்மையைக் கற்க நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் பாட்டன்மார் உழைத்த கோலார் தங்கவயலே போதும்.

1880-ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரத்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் மைசூர் சமஸ்தானத்தின் கோலார் பகுதியில் தங்கச் சுரங்க நிருவாகத்தை மேற்கொண்டனர். வட ஆற்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து, ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட நம் மக்கள் கூட்டங்கூட்டமாய் அங்குச் சென்றனர். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை அச்சுரங்கங்கள் இறங்கின. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் அங்கே கொண்டுவரப்பட்டது. துரைமார் பங்களாக்களும் மன்றங்களும் ஒளி பெற்றன. நம்மவர் வாழ்ந்தவையோ மூங்கில் தட்டி வீடுகள். பாறைத் தூசி நெஞ்சை அரித்தது. பாறை வெடிப்பு உயிர்களைக் கொண்டது.

அம்மண்ணிலேயே நம் தம்மமும் வேரூன்றியது. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசரின் குரல், 1907-இல் அவர் தொடங்கிய பத்திரிகை வாயிலாகத் தங்கவயலை எட்டிற்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கக் கிளைகள் எழுந்தன. 1914-இல் பண்டிதர் மறைந்த பின்னர், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் 'தமிழன்' அவ்வயலிலிருந்தே வெளிவந்தது. பகலில் பூமியின் இருளில் பாறை உடைத்தோர், மாலையில் விளக்கொளியில் தம்மம் கேட்டனர்.

அவர்களைத் துரைமார் எங்ஙனம் கண்டனர்? 'துரை' என்றழைத்துக் கைகட்டி நின்றமையால் அடங்கியவர் என்று கண்டனர். அறுவடைக்கும், சாவுக்கும், திருவிழாவுக்கும் ஊர் சென்று தாமதித்து மீண்டமையால் சோம்பர் என்று கண்டனர். வாய் திறவாமையால் மனநிறைவுற்றவர் என்று கண்டனர். நம்மவர் அவர்களை எங்ஙனம் கண்டனர்? குறைகேட்கச் செவியில்லாதவர் என்று கண்டனர். கேட்டாலும் பயனில்லை என்று வாய் மூடினர். இங்ஙனம் மௌனம் மௌனத்தை வளர்த்தது.

1930-ஆம் ஆண்டு வந்தது. தொழிலாளர் அனைவரும் தம் விரல் ரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. நிருவாகத்தின் கண்ணில் அது அலுவலக ஒழுங்கு. ஆளை அடையாளம் காண எளிய வழி. ஆயின் அக்காலத்தில் விரல் ரேகை எங்கே எடுக்கப்பட்டது? 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தோன்றியது குற்றவாளிகளை அறிவதற்கே. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டபோது, அச்சட்டத்துக்கு உட்பட்ட மக்களின் ரேகைகளை எடுக்க இடமளிக்கப்பட்டது. ஆகவே மையிட்ட அவ்விரல், நம்மவர் கண்ணில், 'நீ திருடன்' என்று எழுதப்பட்ட விரல். கலம் ஒன்று, பெயர் இரண்டு!

ஏப்ரல் மாதத்தில் பல்லாயிரம் தொழிலாளர் வேலைக்கு இறங்க மறுத்தனர். காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்த அதே மாதம் அது. மூன்று வாரமளவு சுரங்கங்கள் ஓய்ந்து கிடந்தன. இறுதியில் ரேகைப் பதிவு கைவிடப்பட்டது. 'அடங்கியவர்' என்று எண்ணப்பட்டோர் எழுந்தபோது, அவர்களின் பழைய மௌனம் சம்மதமன்று என்பது தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ளப் பல்லாயிரம் குடும்பங்கள் மூன்று வாரம் கூலியின்றிக் கிடக்க வேண்டியிருந்ததே! முன்பே ஒருவர் வந்து, 'இதனால் உங்களுக்கு மனத்தாங்கல் உண்டோ?' என்று கேட்டிருந்தால் எத்துணைத் துன்பம் தவிர்ந்திருக்கும்?

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று நம் நாட்டில் வழங்கும் மொழியை நீங்கள் அறிவீர்கள். பௌத்த மறைகளிலும் இதற்குச் சான்றுண்டு என்று ஒருவர் கூறலாம். உண்மையே. இல்லறத்தார் உணவுக்கு அழைத்தபோது பகவர் மௌனத்தால் இசைந்தார் என்று பல இடங்களிற் காண்கிறோம். உபசம்பதை அளிக்கும் சங்கக் கூட்டத்திலும், உடன்படுவோர் மௌனமாயிருப்பர், உடன்படாதோர் பேசுவர். ஆனால் அங்கே விநயம் விதித்திருக்கும் முறையை ஊன்றி நோக்குங்கள். விண்ணப்பம் முதலில் அறிவிக்கப்படும். பின்னர் ஒருமுறையன்று, இருமுறையன்று, மும்முறை எடுத்துரைக்கப்படும். ஒவ்வொரு முறையும், மறுப்புடையோர் பேசலாம் என்று வாயில் திறந்து வைக்கப்படும். மும்முறையும் எவரும் பேசாதபோதுதான் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். அங்கே மறுப்பவர் தம் சீவரத்தை இழக்கமாட்டார். பிச்சைப் பாத்திரத்தை இழக்கமாட்டார். அச்சமற்ற இடத்தில், மும்முறை கேட்ட பின், நிலவும் மௌனமே சம்மதம். அச்சமுள்ள இடத்தில், ஒருமுறையும் கேளாமல், நிலவும் மௌனம் வெறும் மௌனம்.

இன்னும் உயர்ந்த ஒன்றுண்டு. மழைக்கால வாசம் முடியும் நாளில் பவாரணை நிகழும். பிக்குகள் தம்மிடம் கண்டதோ, கேட்டதோ, ஐயுற்றதோ ஆன குற்றம் இருப்பின் கூறுமாறு ஒருவரையொருவர் வேண்டுவர். மூத்தவரே முதலில் வேண்டுவார். ஒருமுறை ததாகதரே சங்கத்தின் நடுவில் அமர்ந்து, தம் உடலாலோ உரையாலோ நிகழ்ந்த குறை ஏதேனும் உண்டோ என்று தம் மாணாக்கரைக் கேட்டார் என சங்யுத்த நிகாயம் கூறுகின்றது. மூவுலகும் வணங்கும் ஆசான் கேட்டார்! ஓர் அலுவலகத்தின் மேலாளர் கேட்கலாகாதா? ஒரு மேஸ்திரி கேட்கலாகாதா? ஒரு வீட்டின் தலைவி கேட்கலாகாதா?

'நம் மேலாளர் நல்லவர்; அவருக்குச் சினமே வராது' என்று சிலர் கூறுவர். அவர்க்காக மஜ்ஜிம நிகாயத்தின் மற்றொரு கதையை நினைவூட்டுவோம். சாவத்தி நகரில் வேதேகிகை என்னும் செல்வப் பெண்மணி இருந்தாள். சாந்தமானவள், அடக்கமானவள் என்று ஊரெங்கும் அவளுக்குப் புகழ். அவள் வீட்டுப் பணிப்பெண் காளி. வேலையில் ஒரு குறையும் வையாதவள் இவள். ஒரு நாள் காளி எண்ணினாள்: 'என் தலைவிக்குச் சினமே இல்லையா, அன்றி என் வேலை செவ்வையாக நடப்பதால் அது வெளிப்படவில்லையா?' சோதித்துப் பார்க்க ஒரு நாள் தாமதித்து எழுந்தாள், தலைவி முகஞ்சுளித்தாள். மறுநாள் இன்னும் தாமதித்தாள், கடுஞ்சொல் வந்தது. மூன்றாம் நாள் கதவின் தாழ்க்கோல் அவள் தலையில் விழுந்து குருதி பெருகிற்று. தலைவியின் சாந்தம் உண்மையில் காளியின் உழைப்பு! நம்மைப் பற்றி நாமே இட்டுக்கொண்ட பெயரையும் ஐயுற வேண்டும் என்பது இக்கதையின் பாடம்.

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். பொய்யுரையின் குற்றம் நிறைவதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும் என்று உரையாசிரியர் வகுத்தனர். உரைத்தது மெய்யல்லாததாதல், ஏமாற்றும் எண்ணம் இருத்தல், அதற்கான முயற்சி, கேட்போர் அதனை அவ்வாறே உணர்தல் என்பன அவை. மகனே! உமக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை. ஆதலின் நீர் முழுப் பொய்யர் அல்லர். உம் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டா. ஆயினும் உம்மை நாம் முற்றிலும் விடுவிக்கவும் மாட்டோம். நல்வாய்மை என்பது பொய்யின்மை மாத்திரமன்று. காலமறிந்து, உண்மையாய், இனிமையாய், பயனுடையதாய், அன்போடு உரைப்பதே நற்சொல் என ததாகதர் ஐந்து இலக்கணம் கூறினார். உம் 'சரி'யில் இனிமை இருந்தது; பயன் இல்லை. பாறையின் முனகலை முதலில் கேட்பவன் துளைக்கும் தொழிலாளியே, மேலாளர் மனம் நோகுமே என்று அவன் வாளாவிருந்தால், மரியாதை பிழைக்கும், மனிதர் பிழையார். அடுத்த முறை கேட்டால், 'ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் இவ்வளவு முடியும். மீதிக்கு இத்தனை நாள் வேண்டும்' என்று கூறும். நாலு பேர் நடுவில் நாவெழவில்லையாயின் தனியே சென்று கூறும். அது மரியாதைக் குறைவன்று; அவர் நாட்டு வழக்கில் அதுவே மரியாதை.

ஆனால் சபையோரே! விடை இதனோடு முடியவில்லை. அச்சலாயன சூத்திரத்தில் பகவர், யவன காம்போஜ நாடுகளில் ஆண்டான், அடிமை என இரண்டே வகுப்பு உண்டு என்றும், ஆண்டான் அடிமையாதலும் அடிமை ஆண்டானாதலும் அங்கு நிகழும் என்றும் எடுத்துரைத்தார். அம்மாற்றம் நம்மிடமும் நிகழ்ந்துள்ளது. 2001-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்குப் பிறந்தோரின் மக்கள் பெங்களூருவிலும் மைசூருவிலும் அதிகாரிகளாயினர், ஒப்பந்தக்காரராயினர், வீட்டுக்கு உடையவராயினர். இன்று நம் கீழ் ஒடிசாவினரும், பீகாரினரும், அசாமினரும் உழைக்கின்றனர். அவர்களை நாம் எங்ஙனம் காண்கிறோம்? 'இந்திக்காரன்', 'சோம்பேறி', 'சொன்னால் விளங்காதவன்' என்கிறோமே! துரைமார் நம் பாட்டனுக்கு இட்ட பெயரை நாம் மற்றொருவன் பேரனுக்கு இடுகின்றோம் அல்லவா?

எமக்கு நேர்ந்ததையே கூறுகிறோம். வைசாகத்துக்கு முன் நம் சங்க மண்டபத்துக்கு வண்ணம் பூச வடநாட்டுத் தொழிலாளி ஒருவரை அமர்த்தினோம். 'திருநாளுக்குள் முடியுமா?' என்றோம். 'ஆகும்' என்றார். சங்கத்தின் மும்முறை வழக்கை எண்ணி மீண்டும் கேட்டோம், தலையை அசைத்தார். மூன்றாம் முறை அவரை அமரச் செய்து, தேநீர் தந்து, 'முடியாதென்றால் கூலி குறையாது. உள்ளதைச் சொல்லும்' என்றோம். அப்போதுதான், 'சுவரில் ஈரம் இருக்கிறது. இப்போது பூசினால் மழைக்குள் உரிந்துவிடும்' என்றார். முதற்சொல்லை நம்பி நாம் அவசரப்படுத்தியிருந்தால், வண்ணம் உரிந்த நாளில் அவரைப் பொய்யர் என்றே கூறியிருப்போம். இவ்வாண்டு வைசாகத்தை வண்ணமில்லாச் சுவரோடு கொண்டாடினோம். ஒரு குறையும் நேரவில்லை.

சிகாலனுக்கு உபதேசித்தபோது பகவர் ஆறு திசைகளை வணங்கும் முறையை விளக்கினார். தொழிலாளரைப் பாதத்தின் கீழுள்ள திசையாக வைத்தார். அதனையும் வணங்கச் சொன்னார். ஆற்றலுக்கேற்ப வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயிற் பேணுதல், அரிய உணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் என ஐந்து கடமைகளைத் தலைவனுக்கு வகுத்தார். தொழிலாளிக்கும் ஐந்து: முன்னெழுதல், பின்துயிலல், கொடுத்ததையே கொள்ளல், வேலையைச் செவ்வனே செய்தல், தலைவனின் நற்பெயரைப் பரப்புதல். தலைவனின் கடமைகளில் முதலாவதைப் பாருங்கள்: ஆற்றலுக்கேற்ப வேலை. ஒருவனுடைய ஆற்றலை அவனைக் கேளாமல் எவ்வாறு அறிவது? ஆகவே கேட்டல் என்பது அவ்வைந்துக்கும் அடிப்படை.

எனவே இப்பௌர்ணமி முதல் நாம் ஒரு விரதம் மேற்கொள்வோம். நமக்கு மேலுள்ளோர் கேட்டால், பணிவோடு உள்ளதை உரைப்போம். நமக்குக் கீழுள்ளோரிடம், அச்சம் நீங்க மும்முறை கேட்போம். பிறர் முகத்தில் நாம் காண்பது அவர் மனமா, அன்றி நாம் இட்ட பெயரா என்று ஒரு மூச்சளவு நின்று எண்ணுவோம். நம் பாட்டன்மார் பூமியின் இருளில் காத்த மௌனத்துக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன், நம் முன்னால் மௌனமாக நிற்பவரைப் பேசச் செய்வதேயாம்.

மேலோரும் கீழோரும், உள்நாட்டாரும் வெளிநாட்டாரும், சகல ஜீவர்களும் நலமுறுக!

சாது! சாது! சாது!